கைப்பழக்கம் கைத்தொழிலாகட்டும்

எந்தக் கிராமத்தை எடுத்தாலும் அங்கே ஒருவராவது இருப்பார். பழுதான வானொலியைக் கழற்றிப் பார்ப்பார். சைக்கிளின் பின்சில்லைத் தானே நேராக்குவார். அயலவரின் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுபோனால் தன் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பார். படித்துப் பட்டம் பெற்றவரல்லர். கராஜில் கூலிக்கு நின்றவருமல்லர். ஆசையினால் கை பழகியவர். அவருக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. ஆனால் வீட்டில் உலை வைக்க அந்தப் பெயர் உதவுவதில்லை.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமன்று. காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கிணற்றையும் மாட்டுக்கொட்டிலையும் கொண்டுவர முடியாது. கைவேலை மட்டும் ஆளோடு கூடவே வருகிறது. அந்தக் கைவேலையைக் குடும்பத்துக்குச் சோறு போடும் தொழிலாக்குவது எப்படி என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம். சுன்னாகத்தைச் சூழ்ந்த தோட்டக் கிராமங்களுக்கு மிகவும் பொருத்தமான நீரிறைக்கும் இயந்திரத் திருத்த வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். சைக்கிள், தையல் இயந்திரம், மருந்து தெளிக்கும் கருவி என எதைத் திருத்துபவருக்கும் இதிலுள்ள கணக்கும் ஒழுங்கும் பொருந்தும்.

தட்டுப்பாடு தந்த படிப்பு

1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் செம்மண் பூமியிலிருந்து மக்கள் வெளியேறினர். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் முதலிய ஊர்களின் தோட்டக்காரர்கள் சுன்னாகம், மல்லாகம் பகுதிகளிலிருந்த முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தனர். அதே காலத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகங்கள் முதலியவற்றைக் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. 1996 ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலானோர் திரும்பியபோது வீடுகளில் எஞ்சியிருந்த இயந்திரங்கள் துருவேறிக் கிடந்தன.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர் கைகள் பழகிய வேலைகள் பல. பெற்றோல் கிடைக்காதபோது மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் சில துளி பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். பற்றரி இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்று மாறுமின். வானொலிக்கு வேண்டியது நேர்மின். டயோட்டு ஒன்றைச் சரியான பக்கத்துக்கு வைத்து ஒட்டத் தெரியாதவருக்கு வானொலி பேசாது. இந்தச் சின்ன விடயத்தை அன்று பாடசாலைச் சிறுவர்களே செய்தனர்.

புதிது வாங்க வழியில்லாத இடத்தில் திருத்துபவருக்கு மதிப்பு உயரும் என்பதை அந்தக் காலம் காட்டியது. அந்த மதிப்பை நிரந்தர வருமானமாக்கியவர் எல்லோருமல்லர் என்பதையும் காட்டியது. பலர் உபகாரமாகச் செய்தனர். சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியதும் கருவிகளை மூலையில் வைத்துவிட்டனர். தொழிலாக ஒழுங்குபடுத்தியவர்களே நிலைத்தனர்.

இன்றும் தேவை உண்டா?

உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றுக்கு வருகிறது. அதை மேலே எடுத்தால்தான் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் புகையிலையும் உண்டு. துலா மிதித்து இறைத்த காலம் போய்விட்டது. இன்று மண்ணெண்ணெய் இயந்திரமோ மின்மோட்டாரோ இல்லாத தோட்டக் கிணறு அரிது.

2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது மண்ணெண்ணெய் நிலையங்களில் வரிசை நீண்டது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. புதிய இயந்திரத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. பழையதைத் திருத்தி, குறைந்த எண்ணெயில் கூடிய தண்ணீர் இறைக்கவைப்பவர் தோட்டக்காரருக்கு வேண்டிய ஆளானார்.

வலிகாமம் வடக்கில் 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மீளக் குடியேறிய குடும்பம் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முதல் போகம் எடுக்கும்வரை கைக்காசுக்கு வழி வேண்டும். காணி இன்னும் கிடைக்காத குடும்பத்துக்கோ அந்த வழியே வாழ்வாகிறது. திருத்த வேலைக்குக் காணி வேண்டியதில்லை. ஒரு பத்தியும் ஒரு மேசையும் போதும்.

ஆசைக்கும் தொழிலுக்கும் உள்ள வேறுபாடு

ஆசைக்குச் செய்பவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது செய்வார். தொழிலாகச் செய்பவர் சொன்ன நாளில் கொடுக்கவேண்டும். முன்னவர் ஒரு பழுதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் மினக்கெடலாம். அது அவருக்கு இன்பம். பின்னவர் அப்படிச் செய்தால் அடுத்த மூன்று பேரின் இயந்திரம் காத்துக் கிடக்கும்.

வெங்காயம் முளைத்து நிற்கும் நாளில் இயந்திரம் நின்றுவிட்டதென வைத்துக்கொள்வோம். செம்மண் விரைவில் காயும். ஒரு தண்ணீர் தவறலாம். இரண்டு தவறினால் விளைச்சல் குறையும். அதற்கும் மேலே போனால் விதைக்குப் பட்ட கடனும் திரும்பாது. ஆகவே திருத்துபவர் "நாளைக்குத் தாறன்" என்று சொல்லி நான்காம் நாள் கொடுத்தால், அவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் தோட்டக்காரர் மறுமுறை வரமாட்டார். முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவதும் இத்தொழிலின் நாணயம்.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் திருத்துவேன் என்று தொடங்கக்கூடாது. முதல் ஆறு மாதத்துக்கு ஒரே வகைப் பொருளை எடுங்கள். அயலில் அதிகமாகப் பாவிக்கப்படும் இயந்திரம் எது என்று பத்துத் தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள். அதற்குரிய உதிரிப்பாகங்களை மட்டும் வாங்கி வைத்தால் முதல் சிதறாது. கையும் விரைவாகப் பழகும்.

தண்ணீர் வராத இயந்திரம்

வரும் முறைப்பாடுகள் இருவகை. ஒன்று, இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. மற்றது, இயந்திரமே ஓடவில்லை. முதலாவதை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலில் பம்பியின் வயிற்றில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவ்வகைப் பம்பி காற்றை இழுக்காது; நீர் நிறைந்திருந்தால்தான் நீரை இழுக்கும். ஊற்றிய நீர் நில்லாமல் இறங்கினால், கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வு பழுது. சருகோ சிறு கல்லோ அடைத்திருக்கலாம், தோல் தேய்ந்திருக்கலாம். துப்புரவாக்கினாலே பாதிப் பழுது தீர்ந்துவிடும்.

புட் வால்வு நன்றாயிருந்தால் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். பொருத்துகளில் ஊசித் துவாரமளவு காற்றுப் புகுந்தாலும் தண்ணீர் ஏறாது. ஓடும்போது பொருத்துகளின்மேல் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடமே பழுதான இடம்.

அதுவும் சரியென்றால் ஆழத்தை அளவுங்கள். காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. கணக்கின்படி அது 10 மீற்றருக்குச் சற்று மேல்வரைதான் தள்ளும். நடைமுறையில் 7 மீற்றர், அதாவது ஏறத்தாழ 23 அடிக்குமேல் எதிர்பார்க்கக்கூடாது. கோடையில் நீர்மட்டம் கீழிறங்கியதும் "மெசின் பழுது" என்று கொண்டுவருவார்கள். பழுது இயந்திரத்தில் இல்லை. அதைச் சொல்லிவிடுவது உங்கள் கடமை. வீணாகக் கழற்றிக் காசு வாங்குவது அறமன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீர்மட்டம் தாழ்ந்ததென்று எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுவோர் இருக்கிறார்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓடிய கிணற்றுக்குள் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எந்தக் கூலிக்காகவும் இதைச் செய்யாதீர்கள், செய்ய விடவும் வேண்டாம்.

ஓடாத இயந்திரம்

இயந்திரம் ஓட மூன்று வேண்டும்: பொறி, எண்ணெய், அழுத்தம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பிளக்கைக் கழற்றினால் அது பாதிக் கதையைச் சொல்லும். கருமை படிந்து ஈரமாக இருந்தால் எண்ணெய் முழுவதும் எரியவில்லை. துப்புரவாக்கி, இடைவெளியைச் சரிசெய்து (சிறு இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 0.7 மில்லிமீற்றர் அளவு), பொறி விழுகிறதா என்று பாருங்கள். அப்போது எண்ணெய்க் கலனைத் தள்ளி வையுங்கள்.

பொறி இருந்தால் காபரேற்றரைப் பாருங்கள். அடைத்த ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள். துவாரம் பெருத்தால் எண்ணெய்ச் செலவு என்றென்றைக்கும் கூடிவிடும். பெற்றோலில் கழுவிக் காற்றால் ஊதுவதே முறை.

இரண்டும் சரியாயிருந்தும் ஓடாவிட்டால் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கை தடைபடாமல் இலகுவாக வந்தால் அழுத்தம் போய்விட்டது. வால்வு, றிங், கஸ்கற் ஆகியவற்றில் ஒன்று வேலைவாங்கும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தில் வரும் பெரும்பாலான பழுதுகளுக்கு ஒரே காரணம் உண்டு. பெற்றோலில் இயக்கி நன்றாகச் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுகிறார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாமல் றிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலுடன் கலக்கும். ஒயில் மெலிந்தால் பேரிங்கும் றிங்கும் தேயும். அளவுக் கம்பியில் ஒயில் கூடியிருந்து மண்ணெண்ணெய் மணத்தால், உடனே ஒயிலை மாற்றுங்கள். நிறுத்துமுன் சற்று நேரம் பெற்றோலில் ஓடவிட்டால் அடுத்த நாள் இயக்குவது இலகு. திருத்தி அனுப்பும்போது இதைத் தோட்டக்காரருக்குக் காட்டிக் கொடுங்கள். "பழுது வராவிட்டால் எனக்கு வேலை போய்விடுமே" என்று அஞ்சவேண்டாம். நல்ல புத்தி சொல்பவரிடமே ஊர் வரும்.

மின்மோட்டாரைப் பொறுத்தமட்டில், சுற்றுக்கம்பி கட்டுவதை முறையாகப் பழகும்வரை கைவைக்காதீர்கள். பேரிங், சீல் போன்றவற்றை மாற்றுவதானாலும் இணைப்பை முற்றாகத் துண்டித்த பின்பே தொடுங்கள். ஈர நிலத்தில் மின்சாரம் இரண்டாம் முறை மன்னிக்காது.

கூலியை எப்படித் தீர்மானிப்பது?

பலர் தடுமாறும் இடம் இது. மற்றவர் வாங்குவதில் பாதி வாங்கினால் ஆட்கள் வருவார்கள் என்று எண்ணுகிறோம். ஆட்கள் வருவார்கள், வருமானம் வராது.

உதாரணமாக ஒரு கணக்குப் பார்ப்போம். குடும்பத்துக்கு மாதம் 60,000 ரூபா தேவை. கருவித் தேய்மானம், மின்சாரம், சைக்கிள் செலவு, வாடகை என 12,000 ரூபா. மொத்தம் 72,000 ரூபா. மாதத்தில் 22 நாள் வேலை. எட்டு மணித்தியாலம் நின்றாலும், சாமான் வாங்கப் போவதும் ஆட்களுடன் பேசுவதும் போகக் கூலி கிடைக்கும் நேரம் நாளுக்கு ஐந்து மணித்தியாலமே. ஆக 110 மணித்தியாலம். 72,000 ஐ 110 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 655 ரூபா. இதற்குக் குறைவாக வாங்கினால் உங்கள் பிள்ளைகளின் சோற்றிலிருந்து ஊருக்குத் தானம் செய்கிறீர்கள். உங்கள் தொகைகளை வைத்து இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

உதிரிப்பாகத்தின் விலையைக் கூலியோடு கலக்காதீர்கள். துண்டில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்கிறார் என்ற ஐயம் அப்போது எழாது.

உற்றாரிடம் காசு கேட்பது

"தம்பி, இதை ஒருக்காப் பாரடா" என்று சித்தப்பா கொண்டுவந்து வைப்பார். நேற்றுவரை சும்மா பார்த்துக் கொடுத்தவர் இன்று காசு கேட்பது எப்படி? உண்மையில் தொழில் தொடங்குவோரை முறிப்பது முதலீட்டுப் பஞ்சத்தைவிட இந்தக் கூச்சமே.

வழி ஒன்று உண்டு. கூலி விபரத்தைப் பலகையில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். வேலையை எடுக்குமுன்னரே, "சித்தப்பா, இப்ப இதுதான் எனக்குத் தொழில். இவ்வளவு வரும், செய்யட்டோ?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முடித்தபின் கேட்பதுதான் மனத்தாபத்தைக் கொண்டுவரும். உண்மையில் வழியில்லாத ஒரு விதவைத் தாய்க்குக் கூலியில்லாமல் செய்ய விரும்பினால் மனமுவந்து செய்யுங்கள். அதையும் கொப்பியில் எழுதுங்கள். தானம் தானமாகவும் கடன் கடனாகவும் இருக்கவேண்டும்.

தோட்டக்காரருக்குக் கையில் காசு வருவது விளைபொருள் சுன்னாகம் சந்தைக்குப் போனபின்தான். ஆகவே கூலியில் ஒரு பகுதியை அறுவடைவரை கடனாக விடவேண்டி வரலாம். ஆனால் உதிரிப்பாகத்துக்குரிய காசை முன்னரே வாங்கிவிடுங்கள். கடனுக்கும் எல்லை வையுங்கள். தொடங்குவதற்கென நாளாந்தம் வட்டி ஏறும் கடனை எடுக்கவே வேண்டாம். வடக்கில் நுண்கடனால் எத்தனை குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், நொந்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஸ்பனர் தொகுதி, குறடு, ஸ்குரூ டிரைவர்கள், பிளக் சாவி, இடைவெளி அளவுகோல், ஒரு மல்ரிமீற்றர் ஆகியவை தொடங்கப் போதும். மற்றவற்றைத் தொழிலே வாங்கித் தரட்டும்.

கழிவு ஒயிலும் நம் கிணறும்

சுன்னாகத்தவருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்நிலையச் சூழலில் எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணறுகளில் மிதந்தது. மக்கள் தங்கள் வளவுக்குள் கிணறு இருக்கப் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019 இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கத் தீர்ப்பாயிற்று.

சிறு திருத்தகத்திலிருந்து போவது சிறிதளவுதானே என்று எண்ணக்கூடாது. நமது பாறை வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கும். ஒரு லீற்றர் பழைய ஒயில் இலட்சக்கணக்கான லீற்றர் நீரைக் கெடுக்கவல்லது. ஆகவே சீமெந்துத் தளத்தில், கிணற்றுக்கு எட்டத்தில் வேலை செய்யுங்கள். தட்டு வைத்து ஒயிலை வடியுங்கள். மூடியுள்ள கலனில் சேர்த்துக் கழிவு ஒயில் வாங்குபவருக்குக் கொடுங்கள். சிந்தியதில் மரத்தூளைப் போட்டு அள்ளுங்கள். தோட்டக்காரரின் தண்ணீரை எடுக்க உதவும் தொழில் அதே தண்ணீரைக் கெடுக்கலாமா?

சான்றிதழும் பதிவும்

கையால் பழகியவருக்குச் சான்றிதழ் கிடையாது என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியன்று. நமது நாட்டில் தேசிய தொழிற்றகைமை என்ற ஒழுங்கு ஏழு மட்டங்களில் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் வேலை பழகியவரையும், செய்து காட்டச் சொல்லிச் சோதித்து, தகுதியான மட்டத்துக்குச் சான்றிதழ் வழங்கும் வழி அதில் உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். செய்த வேலைகளை எழுதிய கொப்பி அங்கே உங்களுக்குச் சாட்சியாகும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். சுன்னாகத்தவர்க்கு அது உடுவில் பிரதேச செயலகமாகும். தொழில் அனுமதி பற்றிப் பிரதேச சபையில் கேளுங்கள். பதிவு இருந்தால் வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உங்கள் சொல் எடுபடும்.

பருவமும் குடும்பமும்

ஐப்பசி முதல் மார்கழிவரை மழைக்காலத்தில் இறைப்பு வேலை குறையும். அப்போது "மழைக்குள் கொண்டுவந்தால் கூலி குறைவு" என்று அறிவித்து, மூலையில் கிடக்கும் இயந்திரங்களைப் பராமரிப்புக்கு எடுங்கள். தை பிறந்ததும் அவசர வேலை வரும். மழைக்காலத்தில் பார்த்த இயந்திரம் அப்போது உங்களைத் தொல்லைப்படுத்தாது.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய தொழிலுமன்று. கொப்பியும் உதிரிப்பாகக் கணக்கும் வீட்டுப் பெண்களின் கையில் இருக்கும் திருத்தகங்கள் சீராக நடக்கின்றன. தையல் இயந்திரத்தைத் தானே திருத்தத் தெரிந்த பெண்ணுக்கு அயலிலுள்ள பெண்கள் எல்லோரும் வாடிக்கையாளர்.

இம்மாதத்துக்குள் மூன்று வேலைகளைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அயலில் பத்துத் தோட்டங்களுக்குப் போய் எந்த இயந்திரம், என்ன பழுது என்று எழுதி வாருங்கள். உங்கள் மணித்தியாலக் கூலியைக் கணக்கிடுங்கள். இரண்டு நாற்பது பக்கக் கொப்பிகள் வாங்கி, ஒன்றில் வேலைகளையும் மற்றதில் வரவு செலவையும் எழுதத் தொடங்குங்கள். சனசமூக நிலையத்தில் இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டி, இதே ஆசையுள்ள இன்னும் இருவரைத் தேடிக்கொள்ளுங்கள். விலை கூடிய கருவிகளை மூவரும் சேர்ந்து வாங்கினால் ஒருவர் தோளில் பாரம் விழாது.